மார்கழிப் பனியும் மக்கர் வண்டிகளும்

எங்க ஆபீஸ்ல 'கோல்ட் ஸ்டார்ட்'னு ஒரு வார்த்தை அடிக்கடி அடிபடும். ரொம்ப நேரம் யாரும் கூப்பிடாம தூங்கிக்கிட்டிருக்கிற ஒரு சர்வர் நிரலை முதல் ஆள் வந்து எழுப்பும்போது, அது கண்ணைக் கசக்கி, சோம்பல் முறிச்சு, பதில் சொல்ல ரெண்டு மூணு நொடி எடுத்துக்கும். அதுக்குத்தான் அந்தப் பேரு. இதைக் குறைக்கிறது எப்படின்னு மணிக்கணக்கா மீட்டிங் போடுவாங்க. எனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும். ஏன்னா இது கம்ப்யூட்டர்காரன் கண்டுபிடிச்ச வார்த்தை இல்லை. மெக்கானிக் பட்டறையில இருந்து சுட்டது. அதோட நிஜமான வரலாறு நம்ம மீட்டிங்கை விட ஆயிரம் மடங்கு சுவாரஸ்யமானது. கை உடைஞ்சிருக்கு, உயிர் போயிருக்கு, போரோட போக்கே மாறியிருக்கு. அதைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன். மொக்கைன்னு நினைக்கிறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம் :-)

முதல்ல ஒரு நியாயமான கேள்வி. அருப்புக்கோட்டைக்காரனுக்குக் குளிரைப் பத்திப் பேச என்ன அருகதை?

வாஸ்தவம்தான். எங்க ஊர் கந்தக பூமி. அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி வரைக்கும் போனா ரெண்டு பக்கமும் கரிசல், கண்மாய், சீமைக்கருவேலம். தை மாசம் விடியக்காலைல கூட வெப்பம் இருபது டிகிரிக்குக் கீழே இறங்கினா அதிசயம். கனடாக்காரன் கேட்டா அதைக் கோடைன்னு சொல்லிச் சட்டையைக் கழட்டிருவான். ஆனா பாருங்க, எங்க ஊர்லயும் மார்கழி பொறந்தா வண்டிக மக்கர் பண்ணும். தெருவுல நாலு வீட்டுக்கு ஒரு ஆள் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உதைச்சுக்கிட்டே இருப்பாரு. இதுக்குக் காரணம் தேடப் போனப்பதான் நூல் பிடிச்ச மாதிரி வரலாறு முழுக்க வந்துச்சு.

எங்க ஊர்ல முதல் எதிரி குளிர் இல்லை, பனி. உறைபனி இல்லீங்க, புல்லு நுனியில நிக்குமே அந்தப் பனி. ராத்திரி முழுக்க வெட்டவெளியில நிக்கிற வண்டியோட இரும்பு, காத்தை விடச் சீக்கிரம் குளிர்ந்துரும். அது மேல ஈரம் படியும். பழைய வண்டிகள்ல பாயிண்ட், காயில், பிளக்குக்குப் போற வயர் எல்லாம் கிட்டத்தட்டத் திறந்த வீடு மாதிரி. ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் பிளக் நுனிக்குப் போகாம, ஈரத்துல வழுக்கி என்ஜின் உடம்புலயே இறங்கிப் போயிரும். பொறி வராது. இதுக்காகத்தான் எங்க பக்கம் ராத்திரி என்ஜின் மேல சாக்கைப் போட்டு மூடி வைக்கிறது. சின்ன வயசுல அது என்னமோ வண்டிக்குக் குளிரும்னு பாசத்துல போர்த்தி விடுறாங்கன்னு நினைச்சிருக்கேன்.

ரெண்டாவது காரணம் பெட்ரோல். பெட்ரோல்ங்கிறது ஒரே ஒரு பொருள் இல்லை, லேசுல ஆவியாகிறதும் ஆகாததுமா நூத்துக்கணக்கான சமாச்சாரம் கலந்த குழம்பு. தீப்பிடிக்கிறது திரவம் இல்லை, ஆவிதான். குளிர் நாடுகள்ல மழைக்காலம், பனிக்காலம் பார்த்துப் பெட்ரோலோட சேர்மானத்தையே மாத்துவாங்க. குளிருக்குச் சீக்கிரம் ஆவியாகிற சரக்கு. நம்ம நாட்டுப் பெட்ரோல் வெயிலுக்காகத் தயாரானது. குழாய்க்குள்ளயே கொதிச்சு அடைச்சுக்கக் கூடாதுன்னு ஆவியாகிற வேகத்தைக் குறைச்சு வச்சிருக்கும். அதனால அவங்க மைனஸ்ல படுற கஷ்டத்துல ஒரு சின்னத் துண்டை நாம இருபது டிகிரியிலேயே அனுபவிச்சோம். இதுல மண்ணெண்ணெய் கலப்படம் வேற சேர்ந்தா கேட்கவே வேண்டாம்.

இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் சோக். காத்தைக் குறைச்சு, பெட்ரோலைக் கூட்டி, அதுல பத்துல ஒரு பங்காவது ஆவியாகாதான்னு ஒரு நப்பாசை. பஜாஜ் சேதக் வச்சிருந்த வீடுகள்ல இன்னொரு வழி இருந்துச்சு. வண்டியை அப்படியே ஒரு பக்கமாச் சாய்ச்சு ரெண்டு நிமிஷம் வச்சு, நிமிர்த்தி உதைக்கிறது. சேதக் வந்தது 1972. அதுக்கப்புறம் ரெண்டு தலைமுறை இந்தியர்கள் இதை ஒரு சடங்கு மாதிரி செஞ்சாங்க. ஏன் செய்யறோம்னு பாதிப் பேருக்குத் தெரியாது. சாய்க்கும்போது கார்புரேட்டர் மிதவை நிலை தவறி, பெட்ரோல் கொஞ்சம் கூடுதலா வழிஞ்சு உள்ளே போகும். அதாவது கையால போடுற சோக். அதுக்கும் மசியலைன்னா பிளக்கைக் கழட்டி உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சு, அது மேல ரெண்டு சொட்டுப் பெட்ரோல் விட்டுப் பத்த வச்சு, சூடா இருக்கும்போதே மாட்டுவாங்க. இது மூடநம்பிக்கை இல்லை. சூடான பிளக்குல ஈரமும் ஒட்டாது, பெட்ரோலும் குளிர்ந்து படியாது.

இதெல்லாம் விளையாட்டு இல்லைங்கிறது பூ வியாபாரம் பண்ற குடும்பத்துக்குத் தெரியும். அரும்புக்கோட்டைதான் அருப்புக்கோட்டை ஆச்சுன்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. நிஜமோ இல்லையோ, மல்லிகை எங்க பக்கத்துப் பயிர். இருட்டோட பறிச்ச அரும்பு மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ற நேரத்துல இருக்கு விலை. மார்கழியில விளைச்சல் கம்மி, அதனால விலை உச்சம். அதே மார்கழியிலதான் வண்டி ஸ்டார்ட் ஆகாது. அரை மணி நேரம் உதைச்சுக்கிட்டு நின்னா, அந்த அரை மணி நேரத்துக்குள்ள அரும்பு வாய் திறக்கும், விலை வாய் மூடும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

காரோட முதல் இருபத்தஞ்சு வருஷத்துல ஸ்டார்ட் பண்றதுன்னா முன்னாடி போய் இரும்புக் கைப்பிடியைச் சொருகிச் சுத்துறதுதான். குளிர்ல என்ஜின் ஆயில் தேன் மாதிரி கெட்டியாயிரும். சுத்தவே முடியாது. ஃபோர்டு மாடல் டி 1908-ல் வந்துச்சு. அதுல என்ஜினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். குளிர்ல அந்த ஆயில் கெட்டியாகி கிளட்ச் தகடுகளை ஒட்டிப் பிடிச்சுக்கும். அதனால கைப்பிடியைச் சுத்தி என்ஜின் பிடிச்ச உடனே கார் மெதுவா முன்னால வர ஆரம்பிக்கும். முன்னாடி நிக்கிறது யாரு? சுத்தின ஆள்தான்! அமெரிக்க விவசாயிக இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பின் சக்கரம் ஒண்ணை ஜாக்கி போட்டுத் தூக்கிட்டுச் சுத்துறது. சக்கரம் அந்தரத்துல சுத்தும், கார் நகராது, சுத்துற சக்கரத்தோட வேகம் என்ஜினுக்கும் உதவும். என்ன ஒரு மூளை பாருங்க.

என்ஜின் எதிர்த்து உதைக்கிறது அதை விட மோசம். பொறி சீக்கிரம் விழுந்தா பிஸ்டன் பின்பக்கமாத் தள்ளும், கைப்பிடி தலைகீழாச் சுழலும், மணிக்கட்டு எலும்பு முறியும். அந்தக் குறிப்பிட்ட முறிவுக்கு டாக்டர்கள் இன்னிக்கும் 'ஷோஃபர் ஃபிராக்சர்'னுதான் பேர் சொல்றாங்க. எலும்பு டாக்டரா இருக்கிற நண்பர்கள்கிட்டக் கேட்டுப் பாருங்க. பைரன் கார்ட்டர்னு ஒரு கார் தயாரிப்பாளர் 1908-ல் இறந்துபோனாரு. வழியில நின்னுபோன ஒரு காருக்கு உதவப்போய், கைப்பிடி முகத்துல அடிச்ச காயத்தோட தொடர்ச்சியா இறந்தார்னும், அந்த வருத்தத்துல அவரோட நண்பரான காடிலாக் நிறுவனத்தோட ஹென்றி லேலண்ட் இனிமே இந்தக் கைப்பிடியே வேணாம்னு சபதம் போட்டார்னும் கதை. விவரங்கள் ஆளாளுக்கு மாறும். ஆனா லேலண்ட் போய் நின்ன இடம் சரியான இடம்: சார்லஸ் கெட்டரிங்.

கெட்டரிங் எனக்குப் பிடிச்ச இன்ஜினியர். அதுக்கு முன்னாடி அவர் பணம் எண்ற கல்லாப்பெட்டி கம்பெனியில வேலை பார்த்தவர். கல்லாப்பெட்டியை மின்சாரத்துல திறக்க ஒரு குட்டி மோட்டார் வச்சாரு. அங்க அவருக்குப் புரிஞ்ச விஷயம், மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை, ஒரு நொடி முழுப் பலத்தோட இழுத்தாப் போதும். நாள் முழுக்க ஓடுற மோட்டார்னா என்ஜினைச் சுத்தறதுக்கு ஒரு பூதம் தேவைப்படும். சில நொடிக்கு மட்டும்னா சின்ன மோட்டாரையே அளவுக்கு மீறி வேலை வாங்கலாம், அது சூடாகிறதுக்குள்ள வேலை முடிஞ்சுரும். 1911-ல் செஞ்சு கொடுத்தாரு, 1912 காடிலாக்ல பொத்தானை அழுத்தினா வண்டி கிளம்பிச்சு. அதே மோட்டார் என்ஜின் ஓட ஆரம்பிச்சதும் டைனமோவா மாறி பேட்டரியை நிரப்பும். நூறு வருஷத்துக்கு முன்னாடி யோசிச்ச ஆளுங்க!

இதுல யாரும் அதிகம் பேசாத ஒரு பக்கம் இருக்கு. அந்தக் காலத்து எலக்ட்ரிக் கார்கள் பெண்களுக்கான வண்டின்னே விளம்பரம் ஆச்சு. காரணம், கைப்பிடி சுத்த வேண்டாம். ஊருக்கெல்லாம் பெட்ரோல் கார் வித்த ஹென்றி ஃபோர்டோட மனைவி கிளாரா ஃபோர்டு ஓட்டினது டெட்ராய்ட் எலக்ட்ரிக் கார்! செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்ததும் பெட்ரோல் காரும் பெண்கள் கைக்கு வந்துச்சு, எலக்ட்ரிக் கார் சந்தை படிப்படியாப் படுத்துருச்சு. அதாவது ஒரு வண்டியை ஸ்டார்ட் பண்ற முறை, அந்த வண்டியை யாரெல்லாம் ஓட்டலாம்னு தீர்மானிக்குது.

இது எங்க ஊர்லயும் அப்படியே நடந்துச்சு, எழுபது வருஷம் லேட்டா. புல்லட் எடுத்துக்கோங்க. 1949-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலமா இங்கிலாந்துல இருந்து இறங்கின வண்டி. 1955-ல் என்ஃபீல்ட் இந்தியா உருவாகி, திருவொற்றியூர்ல தயாரிக்க ஆரம்பிச்சாங்க. ரெடிட்ச் தொழிற்சாலை 1967-ல் மூடிட்டாங்க, பிள்ளை பெத்தவங்களை விட அதிக நாள் இங்கே வாழ்ந்துச்சு. அதை ஸ்டார்ட் பண்றது ஒரு தனிப் பூஜை. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவா அமுக்கிக்கிட்டே அம்மீட்டர் முள்ளைப் பார்க்கணும். முள்ளு நடுவுல வந்து நின்னா பாயிண்ட் திறந்திருக்குன்னு அர்த்தம், பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்துல இருக்கு. அப்போ டீகம்ப்ரஷர் லிவரைப் பிடிச்சு, அமுக்கத்தை வெளியேத்தி, இம்மியளவு தாண்ட விட்டு, லிவரை விட்டுட்டு, கிக்கரை மேல கொண்டு வந்து முழு எடையோட ஒரே உதை. நடுவுல தயங்கினா திருப்பி உதைக்கும், கணுக்கால் வீங்கும். புல்லட் ஆம்பிளை வண்டின்னு பேர் வாங்கினதுல பாதி இந்த உதையாலதான்னு நான் நினைக்கிறேன். சத்தத்தால இல்லை.

ஆனா கரிசக்காட்டோட நிஜமான 'ஆல் டெரய்ன்' வண்டி புல்லட் இல்லைங்க. டிவிஎஸ் 50! 1980-ல் ஓசூர்ல இருந்து வந்துச்சு. ரெண்டு பேர் உட்கார்ற மொபெட். ஐப்பசி கார்த்திகையில கரிசல் மண் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல அப்பிக்கிட்டு எந்தச் சக்கரத்தையும் சுத்த விடாது. பெரிய வண்டி மாட்டினா நாலு ஆள் வேணும், மொபெட்னா ஒரு குச்சியை எடுத்து மண்ணை நோண்டிட்டு வரப்புல தூக்கி வச்சுக் கிளம்பிரலாம். புல்லுக்கட்டு, தண்ணிக்குடம், ஆட்டுக்குட்டி, பூ மூட்டை எல்லாம் ஏத்தலாம். முக்கியமா, ஸ்டாண்டு போட்டு சைக்கிள் மாதிரி பெடலை மிதிச்சு ஸ்டார்ட் பண்ணலாம். எங்க அத்தை திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்துல டீச்சர். பஸ் ஒரு நாளைக்கு ரெண்டே தடவை வர்ற ஊர். மொபெட் ஓட்டக் கத்துக்கிட்டதுக்கு அப்புறம்தான் வேலையைத் தொடர்ந்தாங்க. மார்கழியில சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு அம்பது அறுபது மிதி மிதிப்பாங்க. "உதைக்கிற வண்டின்னா உங்க மாமா இல்லாம வாசலைத் தாண்டிருக்க முடியாதுடா"ன்னு ஒரு தடவை சொன்னாங்க. 1984-ல் பொத்தானை அழுத்தினா கிளம்புற கைனடிக் ஹோண்டா, அப்புறம் ஸ்கூட்டி. எங்க ஊர்ல பெண்கள் வண்டி ஓட்டின வரலாறு எழுதறவங்க ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கணும்.

நிஜமான ஏடிவி, அதான் பலூன் டயர் வண்டி, அதுவும் குளிரால பொறந்ததுதான். குளிர்காலத்துல அமெரிக்காவுல மோட்டார் சைக்கிள் விக்காது. டீலர்கள் ஈ ஓட்டினாங்க. பனிக்காலத்துல விக்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கன்னு ஹோண்டாகிட்டக் கேட்டாங்க. 1970-ல் மூணு பலூன் டயர் வச்ச யுஎஸ்90 வந்துச்சு. கயித்தை இழுத்து ஸ்டார்ட் பண்ற வண்டி. 1980களோட ஆரம்பத்துல சுசுகி நாலு சக்கரத்துல குவாட்ரன்னர் விட்டுச்சு. மூணு சக்கரம் கவிழ்ந்து நிறையப் பேர் அடிபட்டதால, 1988-ல் அமெரிக்க அரசோட ஒப்பந்தம் போட்டு அந்த விற்பனையை நிறுத்தினாங்க. பனியில ஓட்டவே செஞ்ச வண்டி, பனியில ஸ்டார்ட் ஆகாம ஜனங்க அல்லாடினதுதான் வேடிக்கை. கடுங்குளிர்ல பேட்டரியோட பலம் கிட்டத்தட்டப் பாதியாயிரும், அதே நேரம் கெட்டியான ஆயிலால என்ஜின் ரெண்டு மடங்கு பலம் கேட்கும். வரவு பாதி, செலவு ரெட்டிப்பு.

இதுவரை பெட்ரோல். டீசல் வேற ஜாதி. அதுல பொறியே கிடையாது. காத்தை அமுக்குற சூட்டுலதான் எரியணும். குளிர்ந்த சிலிண்டர் அந்தச் சூட்டைக் குடிச்சிருச்சுன்னா வெறும் புகைதான். எங்க பக்கத்துக் கிணறுகள்ல கரண்ட் வர்றதுக்கு முன்னாடி ஆயில் இன்ஜின்தான் தண்ணி இறைச்சுச்சு. இங்கிலாந்துல லிஸ்டர் கம்பெனி 1929-ல் கொண்டு வந்த ஒத்தை சிலிண்டர் டிசைன், அதைப் பார்த்து ராஜ்கோட்ல செஞ்ச நகல்கள் இந்தியா பூரா போச்சு. பெரிய பறக்கும் சக்கரம், ஒரு கைப்பிடி, டீகம்ப்ரஷன் லிவர். லிவரைத் தூக்கி விட்டு வேகமாச் சுத்தி, வேகம் வந்ததும் பக்கத்து ஆள் லிவரைத் தட்டி விடணும். கட்டை விரலைக் கைப்பிடிக்கு அந்தப் பக்கம் போடக்கூடாது, நாலு விரலோட சேர்த்துத்தான் வைக்கணும். திருப்பி உதைச்சா கை நழுவி வந்துரும், எலும்பு தப்பிக்கும். எங்க தாத்தா எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே இன்ஜினியரிங் பாடம் இதுதான். நான் காலேஜ்ல நாலு வருஷம் படிச்சதுல இந்த அளவுக்கு ஞாபகம் நிக்கிறது எதுவும் இல்லை. குளிர்ல கிளம்பலைன்னா ஒரு குச்சியில துணியைச் சுத்தி டீசல்ல முக்கிப் பத்த வச்சு, காத்து இழுக்கிற வாய்கிட்டக் காட்டுவாங்க. சூடான காத்தை இழுத்ததும் 'டொக்... டொக்'னு எழுந்துரும். 1990-ல் விவசாய மின்சாரம் இலவசம் ஆனப்புறம் இந்த இன்ஜின்கள் ஒவ்வொண்ணா ஓய்ஞ்சுச்சு.

இதே தீப்பந்த வைத்தியத்தைத்தான் 1941 குளிர்காலத்துல மாஸ்கோ வாசல்ல நின்ன ஜெர்மன் படை செஞ்சுச்சு. டாங்கிக்கு அடியில தீ மூட்டிச் சூடு பண்ணாங்க. ரஷ்யாக்காரங்க ராத்திரி நிறுத்தறதுக்கு முன்னாடி என்ஜின் ஆயில்ல கொஞ்சம் பெட்ரோல் கலந்து வச்சிருவாங்க. ஆயில் கெட்டியாகாது, காலைல என்ஜின் சூடானதும் பெட்ரோல் ஆவியாப் போயிரும். ஊர்க்காரனுக்கும் விருந்தாளிக்கும் உள்ள வித்தியாசம்.

எங்க தெருவுல ஒரு மிலிட்டரிக்காரர் இருந்தாரு. டிரைவர். லடாக்ல சக்திமான் லாரி ஓட்டினவர். ஜபல்பூர்ல செஞ்ச வண்டி. ராத்திரியில ரெண்டு மணிக்கு ஒருக்கா எழுந்து போய் என்ஜினை ஓட விடணும்னும், அதுக்கு முறை போட்டுத் தூங்குவாங்கன்னும் சொல்வாரு. எங்க ஊர் வெயில்ல பனியன் கூட இல்லாம திண்ணையில உட்கார்ந்து இதைச் சொல்றதைக் கேட்டா நம்பவே முடியாது. டீசல்ல இருக்கிற மெழுகு குளிர்ல உறைஞ்சு ஃபில்டரை அடைச்சுரும். லடாக்ல ஜனங்க டீசல்ல மண்ணெண்ணெய் ஊத்தி ஓட்டினாங்க. எங்க ஊர்ல கலப்படம்னு திட்டுற அதே மண்ணெண்ணெய், அங்கே உயிர் காக்கும் மருந்து. 2019 நவம்பர்லதான் இந்தியன் ஆயில், மைனஸ் 33 டிகிரி வரைக்கும் உறையாத குளிர்கால டீசலை அங்கே விற்பனைக்குக் கொண்டு வந்துச்சு. பானிபட் சுத்திகரிப்பு ஆலையில தயாரானது. சுதந்திரம் வாங்கி எத்தனை வருஷம் கழிச்சுன்னு கணக்குப் போட்டுக்கோங்க.

2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ் 6 விதி வந்ததும் நம்ம டூவீலர்கள்ல கார்புரேட்டருக்கு ஏறக்குறைய மங்களம் பாடியாச்சு. டிவிஎஸ் எக்ஸ்எல் 100-க்குக் கூட ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். இப்போ என்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்குன்னு ஒரு சென்சார் பார்க்கும், ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் ஒரு அட்டவணையில தேடி, இத்தனை டிகிரின்னா இத்தனை மில்லி நொடி பெட்ரோல் பீச்சுன்னு சொல்லும். சேதக்கைச் சாய்ச்ச கை, சோக்கை இழுத்த விரல், பெடல் மிதிச்ச கால், எல்லாம் சேர்ந்து ஒரு லுக்-அப் டேபிள் ஆயிருச்சு. தொழில்முறையில எனக்கு இது பெருமைதான். ஆனா இந்தத் தலைமுறை வண்டி வழியில நின்னா, உப்புத்தாளும் ஸ்பானரும் வச்சிருக்கிற எங்க ஊர் மெக்கானிக் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. எந்த சென்சார் போச்சுன்னு பார்க்கிற ஸ்கேனர் டவுன்லதான் இருக்கு. பூ மூட்டையோட நிக்கிறவனுக்கு இது முன்னேற்றமான்னு எனக்கு அவ்வளவு உறுதியாச் சொல்லத் தெரியலை.

அத்தை ரிட்டயர் ஆகி இப்போ எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வச்சிருக்காங்க. கிளாரா ஃபோர்டு கதையைச் சொன்னேன். "அந்தம்மா சார்ஜ் போட எங்கே போனாங்க?"ன்னு கேட்டாங்க. வீட்டுலயே தனியா சார்ஜர் வச்சிருந்தாங்க அத்தை, அவங்க ஹென்றி ஃபோர்டோட சம்சாரம்!

உங்க வீட்டு சேதக் எந்தப் பக்கம் சாயும், எத்தனை உதைக்கு எழும்பும்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.